ஊர்மீன் நின்றுபோன வருஷம்

இன்று காலை மருமகள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினாள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று வாசலுக்குப் போனவள் பேச்சு சுவாரஸ்யத்தில் அங்கேயே நின்றுவிட்டாள். பாகு அடிப்பிடித்துக் கருகியது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை வந்து மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எழுந்து பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "இன்னா மாமா, மயக்கமா?" என்று மருமகள் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, பாகு கருகுது, போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அந்த வாடை உனக்கும் எனக்கும் எங்கே பழக்கம் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் அப்போது பிறக்கவே இல்லை.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. காலமெல்லாம் கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு யாரையாவது அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீ இருந்தவரைக்கும் உன்னை அதட்டுவேன், நீ திருப்பி அதட்டுவாய், பொழுது போகும். இப்போது இந்த வீட்டில் எல்லோரும் எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய பேஜாரு என்று உனக்குத்தான் புரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எண்பதுகளில் நான் கண்டக்டராக இருந்த பஸ், விழுப்புரத்தில் கிளம்பி, மெயின் ரோட்டை விட்டு இறங்கி, நாலைந்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு திண்டிவனம் போய்ச் சேரும். நம் ஊரில் அதற்கு நைட் ஹால்ட். டிரைவர் மாணிக்கம் அண்ணன் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். விடியும்போது முதல் டிரிப். ஊரை விட்டதும் ஏரிக்கரை மேலேயே ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். அந்த ஏரியை நான் உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஓடுகிற பஸ்ஸின் படியில் நின்றுதான் பார்த்தேன். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். தினமும் பார்க்கிறவனுக்கு மாற்றம் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது.

ஏரிக்கு மேற்கே, தண்ணீர் வருகிற ஓடையின் தலைமாட்டில், ஸ்பிரிட் கம்பெனி வந்தது. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற மொலாசஸைப் புளிக்க வைத்து ஸ்பிரிட் இறக்குவார்கள். இறக்கியபின் மிஞ்சுவதை ஓடையில் விடுவார்கள். முதலில் ஓடை டீத்தண்ணீர் நிறமானது. பிறகு டிகாக்‌ஷன் நிறம். காற்று கிழக்கே திரும்பினால் கருகின வெல்லம் புளித்துப்போன மாதிரி ஒரு வாடை ஊருக்குள் வந்து உட்காரும். ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் அக்கா மகனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை. இன்னும் சில பையன்களுக்கு வேலை வரும் என்று பேச்சு. "நம்மூருக்கு எலக்ட்ரிக் லைட் வந்தப்பகூட கண்ணு கூசுதுன்னாங்க. போகப் போக சரியாப்பூடும்" என்று தலைவர் பஸ்ஸில் நின்றுகொண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறது. டிக்கெட் வாங்காமல் சொன்னார்.

மாற்றத்தை முதலில் சொன்னது நீ. ஐப்பசியில் முதல் மழை கொட்டித் தீர்த்த சாயங்காலம். நான் டிரிப் முடித்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நீ அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே நிறுத்தினாய்.

"இன்னாங்க, இன்னாமோ காதடைச்ச மாதிரி இல்ல?"

"மழைல நனைஞ்சவன் நான். காது அடைக்கிறது உனக்கா?"

"தவள கத்தலைங்க."

நானும் கேட்டேன். கூரையில் இருந்து தண்ணீர் சொட்டியது. எங்கேயோ மாடு கத்தியது. அவ்வளவுதான். முதல் மழைக்கு நம் ஏரியில் தவளைகள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டால்கூடக் கேட்காது. கல்யாணமாகி வந்த புதிதில் நீ அந்தச் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டவள். அன்று அது இல்லாததற்குப் பயந்தாய். மறுநாளும் மழை பெய்தது. மறுநாளும் ஏரி வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு படியில் நின்றுகொண்டு பார்க்கையில் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தண்ணீரில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான்கள் இல்லை. கரண்ட் கம்பியில் உட்காரும் மீன்கொத்தி இல்லை. கொக்குகள் வந்தன, ஆனால் தண்ணீரில் இறங்கவில்லை. தூரத்து வரப்பில் வரிசையாக நின்று ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தன. சாவு வீட்டு வாசலில் உள்ளே போகலாமா வேண்டாமா என்று நிற்கிறவர்கள் மாதிரி. மாணிக்கம் அண்ணன் அந்த இடம் வந்தால் ஹாரன் அடிப்பார். ஏன் என்று கேட்டால், "ஏதாவது ஒண்ணு பறக்குதா பாக்கலாம்னுதாம்பா" என்பார்.

மாசி கடைசியில் நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாய். அந்த ஊர் ஸ்பிரிட் ஆலைக்கு இன்னும் கிட்டம். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாய். அறுவடை முடிந்த வயலில் மேய்க்க வாத்துக்காரர்கள் மந்தை மந்தையாக ஓட்டி வந்திருந்தார்கள். ஓடைக்கரைக் குட்டையில் செத்து ஒதுங்கின மீனை வாத்துகள் தின்றிருக்கின்றன. மறுநாள் எல்லாம் வயலில் கிடந்தன.

"உசுரு இருக்குதுங்க. கண்ணு முழிச்சிக்கினு பாக்குது. கழுத்து மட்டும் நிக்க மாட்டேங்குது. துணி மாதிரி தொவண்டு போச்சு. வாத்துக்காரரு ஒண்ணு ஒண்ணா தலைய தூக்கி வெச்சிப் பாக்குறாரு. கைய எடுத்தா மறுபடியும் உழுது. அப்பிடியே பாத்துக்கினே செத்துப்போச்சுங்க எல்லாம்."

இதைச் சொல்லிவிட்டு உன் கழுத்தை நீயே தடவிப் பார்த்துக்கொண்டாய். அன்றிலிருந்து நம் வீட்டில் ஏரி மீன் வாங்கவில்லை.

நம் ஊர் வழக்கம் இதைப் படிக்கிற பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஏரி வற்றும்போது ஒரு நாள் தலைவர் தமுக்கு அடிக்கச் சொல்வார். அன்றைக்கு ஊரே ஏரியில் இறங்கி மீன் பிடிக்கலாம். அதுதான் ஊர்மீன். பிடித்ததில் முதல் பங்கு வீட்டுக்கு இல்லை, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு. முகையூர், திருவெண்ணெய்நல்லூர் என்று எங்கே வாழ்ந்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் பிறந்த வீட்டு மீன் அவள் அடுப்பில் ஏற வேண்டும். போகாவிட்டால் பெண்ணை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் கூடைகளெல்லாம் என் பஸ் கூரையில்தான் போகும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, அந்தந்த ஊர் பஸ்ஸில் மாற்றி ஏற்றிவிடுவது என் பொறுப்பு. ஒரு கூடை தவறினால் மூன்று வருஷம் பேச்சு வாங்க வேண்டும்.

பங்குனியில் ஒரு விடியற்காலை. முதல் டிரிப் ஏரிக்கரையில் ஏறியதும் சக்கரத்துக்கு அடியில் நொறுநொறுவென்று சத்தம். கடலை உரித்துப் போட்ட காய்ந்த மல்லாட்டைத் தோல் மேல் போகிற மாதிரி. மாணிக்கம் அண்ணன் பிரேக் போட்டார். நான் படியில் இருந்து குனிந்து பார்த்தேன். ரோடு நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். நண்டுகள். ஏரியில் இருந்து ஏறி, ரோட்டைக் கடந்து, வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றாவது தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. பெரியது, சின்னது, வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்தது எல்லாம். பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் பட்டும் நிற்கவில்லை.

இறங்கினேன். மைல் கல்லைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. தொட்டால் நத்தைகள், ஒன்றன்மேல் ஒன்று. பனைமரத்தில் ஆள் உயரத்துக்கு மேலும் ஏறியிருந்தன. கரைச் சரிவில் விரால்கள் வயிற்றால் ஊர்ந்து வந்து புல்லில் கிடந்தன. அதற்கும் கீழே, தண்ணீர் ஓரத்தில், ஏரி நீளத்துக்கும் மீன்கள். தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து மூடிக்கொண்டு, அத்தனையும் எங்கள் பக்கம் பார்த்து. அந்தச் சத்தத்தை உனக்கு எத்தனையோ தரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ஆயிரம் பேர் இருட்டில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொல்வது போல. என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. "ஏறுப்பா, ஜல்தி" என்று மாணிக்கம் அண்ணன் கூப்பிட்ட குரல் அவர் குரலாகவே இல்லை.

நான் திண்டிவனம் போய்த் திரும்பி வருவதற்குள் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தமுக்கு அடித்துவிட்டார்கள். ஏரி இன்னும் வற்றவில்லை, மீனே கரைக்கு வந்து கையில் ஏறுகிறது என்றால் அது ஆத்தா கொடுத்தது அல்லாமல் வேறு என்ன? இப்படித்தான் பேசினார்கள். எனக்கே அந்த வெயிலில் பார்க்கையில் காலையில் பார்த்தது கனவோ என்று தோன்றியது. கூடை, முறம், கொசுவலை, பழம் புடவை, எதெது கிடைத்ததோ அதைக் கொண்டு அள்ளினார்கள். பிள்ளைகள் நண்டைக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். ரோட்டோரத்தில் வாழை இலை மூடிக் கட்டின கூடைகள் வரிசையாக என் பஸ்ஸுக்காகக் காத்திருந்தன.

பஸ் நின்றது. கூடையைத் தூக்கினார்கள். நீ வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றாய்.

"வாணாங்க. இந்த மீன யாருக்கும் அனுப்பாதீங்க. எங்கம்மா ஊர்ல வாத்து தின்னுட்டுக் கழுத்து தொவண்டு செத்துப்போச்சு. என் கண்ணால பாத்தேன்."

தலைவர் சிரித்தார். "வாத்து செத்துச்சுன்னு மனுசன் பட்டினி கெடக்கணுமா? மீனு துள்ளுது பாரு. செத்த மீனையா அனுப்புறோம்?"

"துள்ளல. மூச்சு உட முடியாம அடிச்சிக்கிது."

"இன்னாப்பா கண்டக்டரு, ஊட்டம்மாவ ஓரமா இட்டுக்கினு போ. பஸ் கௌம்பட்டும்."

டெய்லர் மனைவி சரோஜா மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தாள். மற்றவர்கள் ஏணியில் ஏறிவிட்டார்கள். நான் உன் கையைப் பிடித்து நகர்த்தலாம் என்று கிட்டே வந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்தாய் என்று சொல்வதுகூடத் தப்பு. உன் கண் என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். கொண்டை அவிழ்ந்தது. நீ கை வைத்து அவிழ்க்கவில்லை. உன் தொண்டையில் இருந்து ஒரு குரல் வந்தது. நம் வீட்டில் நான் கேட்டறியாத குரல்.

"எம் பங்கு. இது எம் பங்கு. எம் பங்குல கைய வெச்சவன் வயித்துக்குள்ள நான் பூந்து கேப்பேன்."

ஏணியில் நின்றவன் கூடையோடு கீழே விழுந்தான். யாரோ "ஆத்தா வந்துட்டாடா" என்றார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை, ஏரியோரத்தில் அந்த வாய்கள் திறந்து மூடுகிற சத்தத்தைத் தவிர. எங்கிருந்தோ கற்பூரம் வந்தது, வேப்பிலை வந்தது. உன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சற்று முன்னால் அள்ளின மீனையெல்லாம் அள்ளின கையாலேயே திரும்ப ஏரியில் கொட்டினார்கள். தலைவரும் தன் கூடையைக் கொட்டினார். என் பஸ் அன்றைக்குக் காலிக் கூரையோடு போயிற்று.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா ஒளிக்காமல் சொன்ன விஷயம்தான். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் பெண்ணுக்கு ஒரு தரம் ஆத்தா வந்துவிட்டாள், அப்புறம் வரவில்லை என்றார். என் அம்மா யோசித்தாள். "வந்தா ஒரு டிக்கெட் குடுத்து ஏத்திக்கலாம்" என்று நான் சொல்லப்போய்த்தான் இந்தச் சம்பந்தமே நடந்தது. சாமி பூதம் எதையும் நம்பாதவன் நான், அதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவன். அதனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன்னை மெச்சிக்கொண்டேன்.

"கில்லாடிடி நீ. வாத்துன்னு சொன்னா கேக்க மாட்டாங்கன்னு ஆத்தாவையே எறக்கிட்ட பாரு!"

நீ ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாங்க, நான் இன்னா பேசினேன்?"

"தெரியாத மாதிரி கேக்குற?"

"பஸ்ஸு முன்னால நின்னேன். நீங்க கிட்ட வந்தீங்க. அப்புறம் மஞ்சத் தண்ணி ஊத்தும்போது குளிருச்சு. நடுவுல ஒண்ணும் இல்லைங்க. எனக்குச் சொல்லுங்க, நான் இன்னா பேசினேன்?"

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். நீ உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாய். யாரோ எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு, "ஆத்தா நல்லவ" என்றாய். உனக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு வேறு விளக்கம் ஏதாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்று இருந்தது, அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீ வந்து பஸ்ஸை மறிப்பதற்கு முன்பே சரோஜா வீட்டில் ஒரு சட்டி மீன் கொதித்துவிட்டது. அவள் மாமியார் முந்திக்கொண்டு சமைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் டெய்லர், அவன் அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் வாந்தி. கண் இரண்டாகத் தெரிகிறது என்றான் டெய்லர். மறுநாள் முதல் டிரிப்பில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பிழைத்துக்கொண்டார்கள், டெய்லருக்கு ஊசியில் நூல் கோக்க வெகுநாள் ஆயிற்று. ஊருக்கு இது போதும். ஆத்தா பங்கில் கை வைத்தவன் வயிற்றில் ஆத்தா புகுந்து கேட்டுவிட்டாள். சொன்னது பலித்துவிட்டது.

அங்கேதான் எல்லாம் கெட்டுப்போயிற்று. ஏரியில் கொட்டின மீன் செத்து, வெள்ளையாகக் கரை ஒதுங்கி, நாறியது. பஸ் அங்கே ஏறும்போது எல்லோரும் மூக்கில் துணியைப் பொத்திக்கொள்வார்கள், ஆனால் கன்னத்திலும் போட்டுக்கொள்வார்கள். காக்கைகூட அந்தப் பக்கம் வரவில்லை. செத்த மீன் மேல் பால் ஊற்றினார்கள், கறுத்த தண்ணீரில் பூ விட்டார்கள். விழுப்புரத்தில் இருந்து ஒரு ஆபீசர் கண்ணாடிப் பாட்டில்களோடு என் பஸ்ஸில்தான் வந்தார். டீக்கடையில் விசாரித்தார். ஒருவன்கூட ஆலையின் பேரை எடுக்கவில்லை. "அது ஆத்தா பங்கு சார். அவ எடுத்துக்கினா. நீங்க பாட்டில்ல எல்லாம் புடிக்கக் கூடாது" என்றார்கள். அவர் பாட்டில்களைக் காலியாகவே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் போகும்போது அவருக்கு டிக்கெட் கொடுத்தேன். "உங்க ஊர்ல ஒரு ஆள் வாயைத் தொறந்து சொன்னா போதும்யா, நான் பைப்பை மூட வெச்சுடுவேன்" என்றார். அதை உன்னிடம் வந்து சொன்னேன்.

இதற்குள் ஆலை மேனேஜர் விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டார். ஆளை எடைபோடத் தெரிந்தவர். லாரி லாரியாகச் செங்கல்லும் சிமெண்டும் அனுப்பினார். ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் பக்கத்தில் ஆத்தாளுக்கு ஒரு கோயில் எழும்பியது. வைகாசியில் திறப்பு. முதல் கற்பூரம் ஏற்ற உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மேனேஜர் சஃபாரி டிரஸ்ஸில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் நான்தான் உனக்கு யோசனை சொன்னேன். "இன்னொரு தரம் சாமி வந்த மாதிரி ஆடு. பைப்ப மூடுன்னு சொல்லு. வேல முடிஞ்சுது." நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "வந்தா பேசுவா. வராம நான் எப்பிடி அவ வாயில பேசுறது?" என்றாய். உனக்கு அது பெரிய பாவம். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மறுநாள் கற்பூரத் தட்டை உன் கையில் கொடுத்தார்கள். நீ அதை ஏற்றவில்லை. தட்டைத் தரையில் வைத்தாய். உனக்குப் பின்னால் ஏரி, ஒரு அலைகூட இல்லாமல், ஒரு பூச்சிகூட ஓடாமல், தார் ஊற்றின மாதிரி கறுத்துக் கிடந்தது.

"எனக்கு அன்னிக்கு சாமி வரல. நான்தான் பேசினேன். வாத்து செத்தது சொன்னேன், நீங்க கேக்கல. அதுக்கோசரம் ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னேன். மீன ஆத்தா எடுத்துக்கல. அந்தப் பைப்புதான் சாவடிச்சுது. நீங்க கோயில் கட்டிக் கும்பிட்டுக்கினே இருந்தா ஏரி பொழைக்காது. ஆபீசரு வந்தா வாயத் தொறந்து சொல்லுங்க."

அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில், நீ சொல்வது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சாமி இல்லை என்று வாய் கிழியப் பேசிய நான் ஒரு நாளும் எதையும் இழந்ததில்லை. ஆத்தா தன் உடம்பில் இறங்கினாள் என்று உயிராக நம்பினவள் நீ. அவளை ஊரறிய இல்லை என்றாய்.

தலைவர் எழுந்தார். "சாமி பேரச் சொல்லி ஊரையே ஏமாத்தினியா?" ஒரு கிழவி மண்ணை வாரி உன் மேல் தூற்றினாள். "பொய்க்காரி" என்று யாரோ ஆரம்பித்தார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். உன்னை அழைத்துக்கொண்டு வந்தேன். வழியில் உன் தலையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டபடியே, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஆத்தாளுக்கு ஊருக்கு ஊரு கோயில் இருக்குதுங்க. அந்த ஏரிக்கு யாரு இருக்காங்க?" என்றாய். பிறகு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். ஊர் திட்டியதற்கு நீ அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆபீசர் மறுபடி வந்தபோது சரோஜா ஒருத்திதான் வீட்டை விட்டு வெளியே வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு, ஓடையோரமாகவே நடந்து பைப் வாய் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். ஆலையில் பெரிய தொட்டிகளைக் கழுவி விட்ட அன்றுதான் நம் ஏரி மூச்சு முட்டியது என்று அங்கேதான் தெரியவந்தது. அதற்குப் பின் இழுத்தடித்தார்கள், ஆனாலும் பைப்பை மூடித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆலைக்குள்ளேயே குளம் வெட்டி அதில் விட்டுக்கொண்டார்கள்.

ஊர்மீன் அந்த வருஷத்தோடு நின்றது. நமக்கும் ஊரில் இருப்பு நின்றுபோனது. குழாயடியில் நீ குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் விழுப்புரம் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். சில மழைக்காலங்கள் கழித்து மாணிக்கம் அண்ணன் நம் வீடு தேடி வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டு, "யம்மா, நேத்து ஏரில தவள கத்துச்சும்மா" என்றார். நீ அவருக்குக் காபி போடப் போனவள் வெகுநேரம் அடுப்படியை விட்டு வரவில்லை.

பொய்க்காரி என்ற பேர் மட்டும் போகவில்லை. அந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட நமக்கு வந்ததில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் பஸ் ஏறுவாய். "இன்னும் எத்தினி வருசம் போவ?" என்று கேலி செய்தால், "நான் அவள இல்லன்னு சொன்னவ. அவ மன்னிச்சிட்டேன்னு சொல்ற வரைக்கும் போவேன். நீங்க நடுவுல வராதீங்க" என்பாய். மறுபடி ஒரு தரமும் அவள் உன்னிடம் வரவில்லை. கூட்டத்தில் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் வருமாம். உனக்கு மட்டும் வராதாம். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் வரலைங்க" என்று பையை ஆணியில் மாட்டுவாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ கேட்டதும் பிள்ளைகளைப் பற்றி இல்லை. "அமாவாச வருதே, யாரு போவாங்க?" என்றாய். நான் போகிறேன் என்றேன். "நீங்களா!" என்று அந்த நிலையிலும் சிரித்தாயே.

போகிறேன். ஒரு அமாவாசை தவறவில்லை. வரிசையில் நிற்கிறேன், முட்டி வலிக்கிறது, பின்னால் இருக்கிறவன் தள்ளுகிறான், அவனை அதட்டுகிறேன். உள்ளே போனால் ஒரு நிமிஷம்தான் நிற்க விடுவார்கள். கும்பிடத் தெரியாது, அதனால் சாட்சி சொல்கிறேன். "அன்னிக்கு நீ வந்தது நெசம். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அவ உன்ன இல்லன்னு சொன்னதுதான் பொய். ஏரிக்காகச் சொன்னா. அவ கிட்ட கோவிச்சிக்காத." இதைச் சொல்வதற்கு, எதிரில் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்று நான் நம்பியாக வேண்டும். உனக்காக அந்த ஒரு நிமிஷம் நம்புகிறேன்.